மாதிரி இடுப்பு

துப்பாக்கி மூன்றாவது முறை கீழே விழுந்த அன்று காலை, ஆவணக் காப்பகத்தின் வாசல் படிகளில் இருபது பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். இரும்புக் கதவின் அடித்தாழ்ப்பாளை விலக்கக் காவலர் குனிந்தார். இடுப்பிலிருந்து கைத்துப்பாக்கி நழுவி, மூன்று படி உருண்டு, ஒரு அம்மாளின் செருப்பருகே போய் நின்றது. அந்த அம்மாள் யாரோ தவறவிட்ட குடையை எடுத்துக் கொடுப்பதுபோல அதை எடுத்து, "சார், உங்க சாமான் விழுந்துடுச்சு" என்று நீட்டினார். வரிசையில் வேறு யாரும் அசையவில்லை. அசைந்தால் இடம் போய்விடும் என்பது அவரவர் கவலை.

காவலருக்குத்தான் உள்ளங்கால் வரை வியர்த்தது. அதில் குண்டு இருந்தது. நிலப் பத்திரங்களும் செல்லாத முத்திரைகளும் அடைந்து கிடக்கும் அந்தக் கட்டடத்தை அவர் இருபத்தாறு வருடமாகக் காத்துவந்தார். ஒரு தடவைகூடச் சுட்டதில்லை. சுடாமலே ஓய்வுபெற வேண்டும் என்பதைத் தவிர உத்தியோகத்தில் அவருக்கு வேறு இலட்சியம் கிடையாது. அதற்குக் குறுக்கே வந்து நின்றது அந்தப் பழைய தோலுறை. அதன் பித்தான் போய்விட்டது, தையல் விட்டுவிட்டது, வாய் பிளந்துவிட்டது. மனைவி இருந்தவரை தடித்த ஊசியும் மெழுகு நூலும் வைத்து அவ்வப்போது இழுத்துத் தைத்துக் கொடுத்தாள். அவள் போய் எட்டு மாதம் ஆகிறது. அதன் பிறகு கைக்குட்டையால் கட்டிப் பார்த்தார். கட்டினால் அவசரத்துக்கு வெளியே வரவில்லை. கட்டாவிட்டால் அவசரமே இல்லாமல் வந்துவிட்டது.

அன்று மத்தியானமே புது உறை ஒன்று வேண்டுமென்று மூன்று வரியில் விண்ணப்பம் எழுதிப் போட்டார். ஐந்து வாரம் கழித்து நான்கு பக்கக் கடிதம் ஒன்று வந்தது. அவருடைய விண்ணப்பம் தர உறுதி வாரியத்தை ஆழ்ந்த சிந்தனைக்கு உள்ளாக்கியிருப்பதாகவும், கைத்துப்பாக்கி உறைகளைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு அமைக்கப்பட்டிருப்பதாகவும், விண்ணப்பித்தவரே 'அணிந்து காட்டும் மாதிரி'யாக நியமிக்கப்பட்டிருப்பதாகவும், மறு உத்தரவு வரும்வரை செவ்வாய்தோறும் ஆஜராக வேண்டுமென்றும் அதில் இருந்தது.

செவ்வாய் காப்பகத்துக்கு வார விடுமுறை. வேறு யாராக இருந்தாலும் விடுமுறை போயிற்றே என்று வயிறெரிந்திருப்பார்கள். காவலர் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, சட்டைக்கு இஸ்திரி போட்டார். மனைவி போனதிலிருந்து அவரை அதிகம் வதைத்தது செவ்வாய்தான். மற்ற நாளில் கதவைத் திறக்கவும் மூடவுமாவது வேலை இருந்தது. செவ்வாயன்று வீட்டில் குழாய் சொட்டுவதை எண்ணிக்கொண்டிருப்பார். வெளியூரில் வேலை பார்க்கும் மகள் சாயங்காலம் கூப்பிட்டு, சாப்பிட்டீங்களாப்பா என்பாள். ஆச்சும்மா என்பார். அதற்குமேல் இருவருக்கும் பேச்சு நீளாது. அவள் அம்மாவிடம்தான் பேசிப் பழகியவள். அம்மா பக்கத்தில் இருந்து, அப்பாகிட்டயும் ஒரு வார்த்தை பேசு என்று போனைக் கைமாற்றுவாள். இப்போது கைமாற்ற ஆளில்லை.

வாரியத்தின் கட்டடம் ஆறு மாடி. வாசலிலேயே ஒரு சிக்கல். கட்டடத்துக்குள் ஆயுதம் கொண்டுபோகக் கூடாது என்பது விதி. துப்பாக்கியை வாசல் பெட்டகத்தில் வைத்துப் பூட்டி, சாவியைக் கொடுத்து, சீட்டு வாங்கிக்கொண்டு மாடி ஏறினார். உறைக்குழு தான் இயங்கிய பதினோரு மாத காலத்தில் ஒருமுறையும் துப்பாக்கியை நேரில் காணாமல் போனது இந்த விதியால்தான். அதைக் குழு ஒரு குறையாகக் கருதவும் இல்லை.

முதல் கூட்டத்தில் தலைவர் எழுந்து நின்று பேசினார். அதற்கு முன்பு அவர் ஊறுகாய் பாட்டில் மூடிகளுக்கான குழுவில் ஏழு வருடம் தலைவராக இருந்தவர்.

"நான் என் வாழ்க்கையில ஒரு துப்பாக்கியைத் தொட்டதில்ல. அதனாலதான் என்னைத் தலைவராப் போட்டிருக்காங்க. தொட்டவங்களுக்கு ஒரு பக்கச் சாய்வு வந்துடும். நமக்கு அந்த ஆபத்து இல்ல. இந்த அறையில இருக்கற யாருக்குமே இல்லைன்னு நான் பெருமையாச் சொல்லிக்கறேன்."

எல்லோரும் கை தட்டினார்கள். காவலருக்கு மட்டும் தட்டுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. அவர் துப்பாக்கியைத் தொட்டவர். பிறகு அளவீட்டு அதிகாரி ஒரு டேப்போடு வந்து, மன்னிக்கணும் என்றுகூடச் சொல்லாமல், அவர் இடுப்பைச் சுற்றி டேப்பை இழுத்து, "முப்பத்தாறு" என்று உரக்கச் சொன்னார். குறிப்பெடுப்பவர் எழுதிக்கொண்டார். புகைப்படக்காரர் படம் எடுத்தார். அன்றிலிருந்து அந்தக் கட்டடத்தில் அவருக்கு மாதிரி என்று பெயர். மாதிரி வந்தாச்சா, மாதிரியை உட்காரச் சொல், மாதிரிக்கு டீ கொடுத்தாச்சா. இது மரியாதைக் குறைவென்று அவருக்குத் தோன்றவில்லை. டீ சூடாக இருந்தது. யாரோ ஒருவர் தன் வரவை எதிர்பார்த்துக் கதவைப் பார்க்கிறார் என்பதே போதுமானதாக இருந்தது.

வாரியம் விளம்பரம் கொடுத்ததில் உறைகள் ஏழு வந்தன. தோல், துணி, பிளாஸ்டிக் என்று பலவிதம். ஒன்றில் கைபேசி வைக்கவும் இடமிருந்தது. துப்பாக்கி இல்லாமல் உறையை எப்படிச் சோதிப்பது என்ற கேள்வியை அளவீட்டு அதிகாரிதான் எழுப்பினார். மரத்தில் ஒரு பொம்மைத் துப்பாக்கி செய்யலாம் என்று முடிவாயிற்று. பொம்மைப் பிரிவுக்கு எழுதினார்கள். பொம்மைத் துப்பாக்கியும் துப்பாக்கியைப்போலத் தோன்றுவதால் அதையும் கட்டடத்துக்குள் விட முடியாது என்று பதில் வந்தது. அரை நாள் விவாதித்தபின், தலைவரின் மேசைமேல் கிடந்த பெரிய ஸ்டேப்ளரை எடுத்துக்கொண்டார்கள். கறுப்பு நிறம், இரும்பு, நீளமும் ஏறக்குறைய அதேதான் என்று குறிப்பில் எழுதப்பட்டது. 'ஏறக்குறைய' என்ற சொல்லைத் தலைவர் தன் கைப்பட அடித்துவிட்டார். ஐயத்துக்கு இடம் கொடுக்கும் சொல் என்று அதற்குக் காரணம் சொன்னார்.

நான்காம் எண் உறையைச் செய்தவர் மட்டும் வேறு மாதிரி நடந்துகொண்டார். இரண்டு தையல் மெஷின் வைத்துப் பையும் பெல்ட்டும் தைக்கும் அம்மா அவர், ஐம்பது வயதிருக்கும். விளம்பரத்தைப் படித்துவிட்டு, வாரியத்துக்குப் போகாமல், நேராகக் காப்பக வாசலுக்கே வந்துவிட்டார். மற்ற ஆறு பேருக்கும் அந்த யோசனை வரவில்லை. காவலர் துப்பாக்கியிலிருந்து குண்டுகளைக் கழற்றி, இரண்டு தடவை உள்ளே பார்த்து உறுதிசெய்து, கொடுத்தார். அந்த அம்மா அதை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி, நனைத்த தோலை மேலே போட்டு, கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி அதன் மேடுபள்ளத்தை எல்லாம் தோலில் பதியவைத்தார். பத்து நாளில் உறை தயாராகி வந்தது. வெறும் துப்பாக்கியை அதில் போட்டு, வாசல் பெஞ்சில் தன் சால்வையை விரித்து, அதற்குமேல் தலைகீழாகப் பிடித்து உலுக்கிக் காட்டினார். விழவில்லை.

"விசை முழுசா மூடியிருக்கணும், வெளியிலேர்ந்து விரல் படக்கூடாது. தலைகீழா ஆட்டினாலும் விழக்கூடாது. எடுத்ததும் வாய் மூடிக்காம நிக்கணும், அப்பத்தான் பாக்காம ஒரு கையால திருப்பி வைக்கலாம். பெல்ட்டுல ஆடாம உக்காரணும். அவ்வளவுதான் அண்ணே. பாக்கறதுக்குக் கால் மணி நேரம்."

அப்போது குழு எதற்கு என்று காவலர் கேட்டார். தனக்குத் தெரியாது, தான் பை தைக்கிறவள் என்று அந்த அம்மா சொன்னார். பிறகு பெல்ட்டில் உறையை மாட்டிப் பார்க்கும்போது கை நின்றது.

"இந்த ஓட்டை ஆணி வச்சு அடிச்சதா?"

"ஆமா. லூசாயிடுச்சு."

"இதுக்குப் பக்கத்துல இன்னொண்ணும் இருக்கே."

காவலர் பெல்ட்டின் நுனியை இழுத்து உள்ளே செருகிக்கொண்டார். அந்த அம்மாவும் மேற்கொண்டு கேட்காமல், ஆணியால் அடித்தால் தோல் கிழியும் என்று மட்டும் சொல்லிவிட்டு, சால்வையை உதறிப் போர்த்திக்கொண்டு போனார்.

ஆய்வுகள் தொடங்கின. முதலில் மழை ஆய்வு. ஐந்தாம் மாடிக் குளியலறையில் காவலரைக் குழாய்க்கு அடியில் நாற்பது நிமிடம் நிறுத்தினார்கள். சீருடை அரசுச் சொத்து, அது நனையக் கூடாது என்று யாரோ நினைவூட்டியதால், கையில் குடை கொடுக்கப்பட்டது. ஏழு உறைகளும் சொட்டுத் தண்ணீர் படாமல் மழையைத் தாங்கின.

அடுத்தது வெயில் ஆய்வு. மொட்டை மாடியில் ஒரு நாற்காலி போட்டு, மூன்றாம் எண் உறையோடு அவரை உட்காரவைத்து, அரை மணியில் வந்து அழைத்துப்போவதாகச் சொன்னார்கள். அன்று கீழே ஒரு அலுவலருக்கு ஓய்வு பெறும் விழா. பாட்டு கேட்டது, சிரிப்பு கேட்டது, நாற்காலிகளை இழுக்கும் சத்தம் கேட்டது. காவலர் மூன்றே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். இறங்கிப் போயிருக்கலாம், கதவு பூட்டியிருக்கவில்லை. ஆனால் தன்னைத் தேடி யாராவது வரும்போது தான் அங்கே இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று நினைத்தார். யாரும் வரவில்லை. கடைசியில் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வந்த பிளம்பர்தான், நீங்க யாரு சார் என்று கேட்டார். மாதிரி என்றார் காவலர்.

பிறகு ஓசை ஆய்வு. நடக்கும்போது உறை கிறீச்சிடக் கூடாது. ஒன்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நிற்க, காவலர் இரண்டாம் எண் உறையோடு அறையின் குறுக்கே நடந்தார். நான்காவது அடியில் அவர் வயிறு உறுமியது. காலையில் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. 'இரண்டாம் எண் உறை நீண்ட, தாழ்ந்த ஓசை எழுப்பியது' என்று எழுதி அதைத் தள்ளுபடி செய்தார்கள். சத்தம் தன்னுடையது என்று அவர் சொல்லிப் பார்த்தார். மாதிரி கருத்துச் சொல்லக் கூடாது என்றார் அளவீட்டு அதிகாரி.

இதற்கிடையே ஒவ்வொரு மாதமும் இடுப்பை அளந்தார்கள். முப்பத்தாறு, முப்பத்தைந்து ஆயிற்று. பிறகு முப்பத்துநாலரை. குழுவில் கலக்கம் உண்டானது. டேப் நீண்டுவிட்டதா என்று சந்தேகப்பட்டு, அதை அளவுச் சரிபார்ப்பு நிலையத்துக்கு அனுப்பினார்கள். டேப் குற்றமற்றது என்று முத்திரையோடு திரும்பி வந்தது. வந்த அன்று அளந்தால் முப்பத்துமூன்று. அளவீட்டு அதிகாரி டேப்பையும் பார்த்தார், குறிப்பேட்டையும் பார்த்தார். டேப்புக்கும் குறிப்பேட்டுக்கும் நடுவில் நின்றவரைப் பார்க்கவில்லை. மறுவாரம் காவலருக்கு விளக்கம் கேட்டு ஓர் ஆணை வந்தது. மாதிரியின் இடுப்பு நிலையற்றதாக இருப்பதால் ஆய்வின் முடிவுகள் பாதிக்கப்படுகின்றன. சுருங்கியதற்கான காரணத்தை ஏழு நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும்.

அவரிடம் அப்படி யாரும் எதுவும் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒரு சாயங்காலம் முழுவதும் எழுதினார். எழுதியதைக் கிழித்தார். கடைசியில் நின்றது இவ்வளவுதான்: 'ஐயா, என் மனைவி காலமாகிவிட்டாள். ஓர் ஆளுக்கு மட்டும் சமைக்க எனக்கு அளவு தெரியவில்லை. இரண்டு பேருக்கு வைத்துவிடுகிறேன். பாத்திரத்தில் மீதியைப் பார்த்தால் சாப்பிடத் தோன்றுவதில்லை. இப்படிக்கு, மாதிரி.'

பத்து நாளில் பதில் வந்தது. 'தங்கள் விளக்கம் பொருளுக்குத் தொடர்பற்றது. எனினும் உரிய காலத்துக்குள் பெறப்பட்டதால் ஏற்றுக்கொள்ளப்படுகிறது.' அதோடு இடுப்பில் சுற்றிக்கொள்ள அரை அங்குலக் கனத்தில் ஒரு பஞ்சுப் பட்டையும் அனுப்பியிருந்தார்கள்.

பஞ்சுப் பட்டையோடு அவர் மறுபடி முப்பத்தாறு ஆனார். குழு நிம்மதியடைந்தது.

கடைசியில் பிடிமான ஆய்வு. ஸ்டேப்ளரை உறையில் போட்டுத் தலைகீழாகக் கவிழ்ப்பது. நான்காம் எண் உறையிலிருந்து ஸ்டேப்ளர் சட்டென்று நழுவித் தலைவரின் காலில் விழுந்தது. தோல் துப்பாக்கிக்கென்று பதிந்தது. ஸ்டேப்ளர் அதற்கு அந்நியன். ஏழாம் எண் உறையோ ஸ்டேப்ளரைக் கவ்விப் பிடித்தது. அந்த நிறுவனத்தார் குழுவின் குறிப்புகளை எப்படியோ படித்துவிட்டு, அதே ஸ்டேப்ளரில் ஒன்றை வாங்கி, அதற்கென்றே அச்சு எடுத்திருந்தார்கள். பளபளப்பான பன்னிரண்டு பக்க விளக்க ஏடும் கொடுத்தார்கள். பை தைக்கும் அம்மா ஏடு ஒன்றும் கொடுக்கவில்லை. தள்ளுபடியான தன் உறையை வாங்கிக்கொள்ள வந்தபோது, கத்திரிக்கோல் போட்டுக்கொள்ள ஆகும் என்று சொல்லிக் கைப்பையில் திணித்தார். காவலர் லிஃப்ட் வரை கூடப் போனார். ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. லிஃப்ட் வந்துவிட்டது.

ஏழாம் எண் உறையைப் பரீட்சார்த்தமாக ஒரு வாரம் அவரிடம் கொடுத்திருந்தார்கள். காப்பக வாசலில் குண்டைக் கழற்றிவிட்டுத் துப்பாக்கியை அதில் வைத்துப் பார்த்தார். பாதிக்குமேல் இறங்கவில்லை. விசை வெளியே தெரிந்தது. லேசாகச் சாய்ந்தாலே விழப் பார்த்தது.

கடைசிச் செவ்வாய் வந்தது. மேசைமேல் திருப்திச் சான்றிதழ் வைத்திருந்தார்கள். மாதிரி கையெழுத்துப் போட்டால் முடிந்தது. தலைவர் பேனாவைத் திறந்து நீட்டினார். காவலர் பேனாவை வாங்கிக்கொண்டு யோசித்தார். கையெழுத்துப் போட்டால் துப்பாக்கி நான்காவது தடவை விழும். போடாவிட்டால் குழு தொடரும். அடுத்த செவ்வாயும் டீ வரும், கதவைப் பார்க்கும் கண்கள் இருக்கும். தான் சொல்லப்போவது துப்பாக்கிக்காகவா, செவ்வாய்க்காகவா என்று அவருக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

"ஐயா, இதுல துப்பாக்கி போகலை."

துப்பாக்கி போகவில்லை என்று எப்படித் தெரியும், எந்த அனுமதியின்பேரில் துப்பாக்கியை வைத்துப் பார்த்தீர் என்று அளவீட்டு அதிகாரி கேட்டார். தலைவர் கையமர்த்தினார். அவர் முகத்தில் கோபமில்லை; குழந்தைக்குப் பாடம் சொல்லும் பொறுமைதான் இருந்தது.

"இத பாருங்க. நாம பதினோரு மாசம் ஆய்வு பண்ணியிருக்கோம். உறை எல்லாத்துலயும் தேறியிருக்கு. உங்க துப்பாக்கியை யாராவது ஆய்வு பண்ணினாங்களா? இல்ல. தேறின உறைக்குள்ள தேறாத ஒரு சாமான் போகலைன்னா, தப்பு யார் மேல? உறைங்கறது தரம். அதுக்குள்ள எது போகணும்ங்கறது அடுத்த கேள்வி. அந்தக் கேள்விக்கு நாம பொறுப்பில்ல. நாம உறைக்குழு."

மறுபடியும் கை தட்டினார்கள். காவலரின் துப்பாக்கி தரமற்றதென்று அன்றே பறிமுதல் செய்யப்பட்டது. துப்பாக்கித் தேர்வுக் குழு அமைக்கப்படும் வரை அது வாசல் பெட்டகத்திலேயே இருக்கும். ஏழாம் எண் உறை அவருக்கு வழங்கப்பட்டது. வெறுமையாக அணிந்தால் உறையின் வடிவம் கெடும் என்பதால், உரிய கருவியாகிய ஸ்டேப்ளரும் வரிசை எண் பொறித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கப்பட்டது. அது இல்லாமல் பணியில் நிற்பது குற்றம்.

நின்றார். இடுப்பில் ஸ்டேப்ளரோடு காப்பக வாசலில் ஒன்றரை மாதம் நின்றார். முதல் வாரம் வெட்கமாக இருந்தது. இரண்டாவது வாரம் வரிசையில் நின்ற ஒரு பெரியவர், கையில் பறக்கும் காகிதங்களோடு, ஒரு பின் அடிச்சுக் குடுங்க தம்பி என்றார். உறையிலிருந்து எடுத்து அடித்துக் கொடுத்தார். உறை நன்றாகத்தான் வேலை செய்தது. எடுத்ததும் வாய் மூடிக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு நாளைக்குப் பத்துப் பேராவது கேட்டார்கள். பின் தீர்ந்தது. பின் வேண்டுமென்று எழுதினார். கருவி ஆய்வுக்கானது, பயன்பாட்டுக்கானதல்ல என்று பதில் வந்தது. அதன்பின் வந்தவர்களிடம் இல்லை என்று தலையாட்டினார். அவர்களும் கேட்பதை விட்டுவிட்டார்கள்.

குழுவின் இறுதி அறிக்கை ஒரு செவ்வாயன்று தபாலில் வந்தது. நூற்று நாற்பது பக்கம், கெட்டி அட்டை. நன்றியுரையில் வாரியத்தார், ஏழாம் எண் நிறுவனத்தார், டீ கொண்டுவந்தவர் உட்பட எல்லோருடைய பதவியும் இருந்தது. காவலர் கட்டிலில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினார். அறுபத்தொரு புகைப்படங்கள். எல்லாம் அவர்தான். மார்புக்குக் கீழிருந்து தொடைக்கு மேல்வரை அவர். முன்புறம், பின்புறம், பக்கவாட்டு, குடையின் நிழலில், மொட்டை மாடி வெயிலில். பஞ்சுப் பட்டைக்கு முன், பஞ்சுப் பட்டைக்குப் பின். ஒன்றில்கூட முகம் இல்லை.

தொண்ணூற்றேழாம் பக்கத்தில் படத்தின் மேல்பாதியை மறைத்து ஒரு சின்னத் துண்டுச்சீட்டு ஒட்டியிருந்தது. 'திருத்தம்: இப்பக்கத்தில் மாதிரியின் தாடை தவறுதலாக இடம்பெற்றமைக்கு வாரியம் வருந்துகிறது.'

அவர் கட்டைவிரலை நாக்கில் தொட்டு, சீட்டின் ஓரத்தை ஈரப்படுத்தி, கிழியாமல் மெல்ல உரித்தார். அடியில் தாடை இருந்தது. மூன்று நாள் மயிர், வெள்ளையும் கறுப்புமாக. கழுத்தில் சட்டைப் பித்தான் ஒன்று துளை மாறிப் போட்டிருந்தது. ஒன்பது பேர் சுற்றி நின்று பார்த்த நாள் அது. ஒருவர்கூட, சார், உங்க பித்தான் என்று சொல்லவில்லை. வீட்டில் ஒருத்தி இருந்தபோது அவர் ஒருநாளும் அப்படி வாசல் தாண்டியதில்லை.

வெகு நேரம் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய்க் கண்ணாடி முன் நின்று சவரம் செய்துகொண்டார். செவ்வாய்க்கிழமை, போக இடம் கிடையாது, வருவார் யாரும் கிடையாது. ஆனாலும் நிதானமாக, காதோரம்கூட விடாமல் மழித்து முகத்தைத் துடைத்தார். சலவைச் சட்டையை எடுத்துப் போட்டு, பித்தான்களை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். சாயங்காலம் மகள் கூப்பிட்டு, சாப்பிட்டீங்களாப்பா என்று கேட்டாள்.

"இல்லம்மா" என்றார்.

மறுமுனையில் அவள் வழக்கம்போலப் போனை வைத்துவிடவில்லை. "ஏம்ப்பா?" என்றாள்.